வெட்டின் எல்லை: தோற்புற்றுச் சத்திரசிகிச்சையின் வரலாறு பற்றிய சில குறிப்புக்கள்

மருத்துவ வரலாறு எழுதப்புகுவோர் பொதுவாக இரு வழிகளுள் ஒன்றினையே பின்பற்றி வந்துள்ளனர். அவ்வரலாற்றினை மேதைகளின் வரிசையாகக் காட்டுவது ஒன்று. கண்டுபிடிப்புக்கள் படிப்படியாக மேலேறிச் சென்ற கதையாகக் கூறுவது மற்றொன்று. இரண்டிலும் நோயாளிக்கு இடமிருப்பதில்லை. தோற்புற்றுநோய்க்கான சத்திரசிகிச்சையின் வரலாறு இவ்விரு வழிகளுக்குள்ளும் எளிதில் அடங்காதது. புற்று இங்கே உடலின் மேற்பரப்பிலேயே தோன்றுகின்றது, கண்ணுக்குத் தெரிகின்றது, கத்திக்கு எட்டுகின்றது. ஆதலின் வெட்டலாமா என்ற கேள்வி இத்துறையிற் பெரிதாக எழுந்ததில்லை. எங்கே நிறுத்துவது என்பதே இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலவிவரும் பிரச்சினை. அதற்கு யார், எச்சான்றினை ஆதாரமாகக் கொண்டு விடை கூறினர், அவ்விடையின் விலையை யாருடைய உடல் கொடுத்தது என்பனவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்புற்று என்பது ஒரு நோயின் பெயரன்று. தோலின் அடிப்படையிலுள்ள கலங்களிலிருந்து எழும் அடிக்கலப் புற்று மிக மெதுவாக வளர்வது. உடலின் பிற பகுதிகளுக்குப் பரவுவது மிக அரிது. ஆயினும் மூக்கையும் கண்ணிமையையும் அது அரித்து அழித்துவிடும். டப்ளின் நகரத்து வைத்தியர் ஆதர் ஜேக்கப் 1827 ஆம் ஆண்டில் வருணித்த புண் இதுவே. செதிற்கலப் புற்று சில வேளைகளில் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும். நிறப்பொருளை உண்டாக்கும் கலங்களில் தோன்றும் மெலனோமா மூன்றனுள்ளும் கொடியது. இவ்வேறுபாடுகள் தெளிவாகுமுன்னரே கத்தி தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இலண்டன் சென். பார்த்தலோமியு வைத்தியசாலையின் சத்திரவைத்தியர் பேர்சிவல் பொட் 1775 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றிலே, புகைபோக்கி துடைப்போரின் விதைப்பையில் தோன்றும் புற்றினைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதினார். தொழிலொன்றுக்கும் புற்றுநோய்க்குமுள்ள தொடர்பினைத் தெளிவாக எடுத்துக்காட்டிய முதல் எழுத்தாக அது கருதப்படுகின்றது. வறிய குடும்பத்துச் சிறுவர்கள் ஒடுங்கிய புகைபோக்கிகளுள் ஏற்றப்பட்டனர். தோலின் மடிப்புக்களிற் புகைக்கரி படிந்தது. பருவமெய்திய பின்னர் அவ்விடத்திற் புண் தோன்றியது. சமகால வைத்தியர்கள் பலர் இதனைப் பாலியல் நோயெனக் கருதி இரசம் கொடுத்து வந்தனர். பொட் கூறிய பரிகாரம் கத்தியே: புண்பட்ட பகுதியை உடனே வெட்டியகற்ற வேண்டும், நோய் விதையைப் பற்றிவிட்டாற் பெரும்பாலும் காலங் கடந்துவிட்டது. மயக்கமருந்து அறியப்படாத காலத்திலே ஒருவனுக்கு இது எத்தகைய ஆலோசனை என்பதை விளக்கவேண்டியதில்லை.

பொட் அச்சிறுவர்களின் நிலைக்கு இரங்கி எழுதியவர். எனினும் அவருடைய நூல் வைத்தியர்களின் கையிலே வெட்டுமுறையாகவும், பாராளுமன்றத்தின் கையிலே நெடுங்காலம் வெற்றுக் கடதாசியாகவும் இருந்தது. 1788 ஆம் ஆண்டுச் சட்டம் எட்டு வயதுக்குட்பட்டோரைச் சேர்க்கக்கூடாதென்றது. 1840 ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு வயதுக்குக் குறைந்தோர் புகைபோக்கியினுள் ஏறுதலைத் தடைசெய்தது. உரிமம் பெற்றோரே இத்தொழிலைச் செய்யலாமென 1875 ஆம் ஆண்டில் விதித்த பின்னரே தடை உண்மையிற் செயற்படலாயிற்று. இடையில் நூறு ஆண்டுகள் கழிந்தன. 1892 ஆம் ஆண்டில் ஹென்றி பட்லின் என்னும் சத்திரவைத்தியர் இன்னொரு கேள்வியை எழுப்பினார்: ஐரோப்பாக் கண்டத்துப் புகைபோக்கி துடைப்போரிடம் இந்நோய் அருகியிருப்பது ஏன்? உடலை இறுக மூடிய உடையும் நாளாந்தம் கழுவும் வழக்கமுமே காரணமென்பது அவர் கண்ட விடை. அதாவது, ஒரு நாட்டில் துணியும் தண்ணீரும் தடுத்த நோய்க்கு மற்றொரு நாட்டிற் கத்தி வேண்டியிருந்தது. 1922 ஆம் ஆண்டளவில் மான்செஸ்டரின் பருத்தி ஆலைகளில், இயந்திர எண்ணெயில் நனைந்த உடையோடு வேலைசெய்த நூற்போரிடம் இதே நோய் இதே இடத்திற் கண்டறியப்பட்டபோது, புகைக்கரியின் இடத்தை எண்ணெய் எடுத்துக்கொண்டதேயன்றி வேறெதுவும் மாறவில்லை.

மெலனோமாவின் கதை வேறு வகையானது. ஜோன் ஹன்ரர் 1787 ஆம் ஆண்டில் முப்பத்தைந்து வயதினன் ஒருவனின் கீழ்த்தாடையருகே மீண்டும் வளர்ந்த கட்டியொன்றை வெட்டியெடுத்து மதுசாரத்தில் இட்டு வைத்தார். தாம் எடுத்தது என்னவென்று அவருக்குத் தெரியாது. அவருடைய சேகரிப்பிலிருந்த அப்பண்டம் 1968 ஆம் ஆண்டில் நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராயப்பட்டு மெலனோமாவென உறுதிசெய்யப்பட்டது. பெயரைத் தந்த பெருமை பிரான்சிய வைத்தியர் லெனெக்கைச் சாரும். கரிய நிறத்தைச் சுட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் அதனை ஆக்கினார். ஆயின் வெட்டின் எல்லையைப் பற்றி முதன்முதலிற் கருத்தூன்றி எழுதியவர் பெருநகரப் பேராசிரியரல்லர். ஸ்ரவர்பிரிஜ் என்னும் சிற்றூரிற் பணியாற்றிய வில்லியம் நொரிஸ் என்னும் பொது வைத்தியரே அவர். 1820 ஆம் ஆண்டில் ஒரு நோயாளியைப் பற்றியும், 1857 ஆம் ஆண்டில் எட்டு நோயாளிகளைப் பற்றியும் எழுதிய அவர், மச்சங்களுக்கும் குடும்பவழிக்கும் இந்நோய்க்குமுள்ள தொடர்பினைக் கண்டதோடு, கட்டியை மாத்திரம் எடுத்தால் அது அதேயிடத்தில் மீண்டும் வளருமாதலாற் சுற்றியுள்ள நல்ல தோலிலும் ஒரு பகுதியைச் சேர்த்து எடுக்கவேண்டுமென்றார். எவ்வளவு என்பதற்கு அவர் அளவு கூறவில்லை. தெரியாததை அளந்து கூறாதிருந்த அவருடைய அடக்கம் பின்வந்தோரிடம் இருக்கவில்லை.

பின்வந்தோர் துணிந்தமைக்குக் காரணமுமுண்டு. 1846 ஆம் ஆண்டில் பொஸ்ரனில் ஈதர் மயக்கமருந்தாகப் பகிரங்கமாகப் பயன்படுத்தப்பட்டது. 1867 ஆம் ஆண்டில் லிஸ்ரர் தமது கிருமியழிப்பு முறையினை வெளியிட்டார். (அதே 1867 ஆம் ஆண்டிலேதான் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த கிறீன் வைத்தியர் ஆங்கிலச் சத்திரநூலொன்றினைத் தமிழாக்கி ‘இரண வைத்தியம்’ என வெளியிட்டார் என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம்.) வலியும் சீழும் விதித்திருந்த எல்லைகள் நீங்கியதும் கத்தி அகன்றது. ஐக்கிய அமெரிக்காவில் ஹால்ஸ்ரெட் மார்புப்புற்றுக்கு மார்புத் தசைகளையும் சேர்த்து வெட்டியகற்றினார். இலண்டனில் ஹேர்பேட் ஸ்னோ 1892 ஆம் ஆண்டில், மெலனோமாவை அகலமாக வெட்டுவதோடு நிணநீர்க் கணுக்களையும், அவற்றில் நோய் தென்படுமுன்னரே, அகற்றவேண்டுமென வாதிட்டார். செய்யக்கூடியது யாவும் செய்யவேண்டியதே என்ற மனப்பான்மை அக்காலச் சத்திரவியலிற் பரவியிருந்தது.

இம்மனப்பான்மைக்கு எண்ணளவு கொடுத்தவர் வில்லியம் சம்சன் ஹான்ட்லி. 1907 ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் சத்திரவைத்தியர் கல்லூரியில் அவர் ஆற்றிய விரிவுரைகளில், புற்று நிணநீர்க் குழாய்களின் வழியே வேர்போலத் தொடர்ச்சியாக ஊர்ந்து பரவுகின்றதெனக் கூறினார். இதற்கு அவர் காட்டிய சான்று, முற்றிய மெலனோமாவினால் இறந்த ஒரேயொரு பெண்ணின் உடலிலிருந்து எடுத்த இழையங்களே. கட்டியின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ ஓர் அங்குலம் தள்ளித் தோலை வட்டமாக வெட்டவேண்டும். தோலுக்குக் கீழுள்ள கொழுப்பிழையத்தை மேலும் இரண்டு அங்குலம் வெளிநோக்கி எடுத்து, தசையுறையையும் அகற்றவேண்டும் என்பது அவருடைய விதி. விரிவுரையிற் கூறிய அளவு பாடநூல்களில் ஏறியபோது மேலும் அகன்றது. தோலிலேயே நாற்புறமும் 5 சென்ரிமீற்றர் என்பது பல தசாப்தங்களாக மாறா விதியாயிற்று. அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள கட்டிக்கும் அதுவே. ஆறு மில்லிமீற்றர் தடிப்புள்ள கட்டிக்கும் அதுவே.

ஹான்ட்லியை இகழ்வது எளிது; நியாயமன்று. ஓர் உடலையேனும் அவர் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தார். வினவப்படவேண்டியவர்கள், அதன்பின்னர் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக இரண்டாவது உடலை ஒழுங்காகப் பார்த்து ஒப்பிடாது விதியை மாத்திரம் ஒப்புவித்தவர்களே. ஆசிரியர் கூறினார், மாணவர் செய்தார், நோயாளி தழும்பைச் சுமந்தார். குறைவாக வெட்டி நோய் திரும்பினால் வைத்தியர் குற்றஞ்சாட்டப்படுவார். மிகையாக வெட்டியதற்கு எவரும் வழக்குத் தொடுப்பதில்லை. இச்சமனின்மையே அவ்விதியின் ஆயுளை நீட்டித்தது என்பது எனது கருத்து.

நாற்புறமும் 5 சென்ரிமீற்றர் எடுத்தபின் எஞ்சுவது பத்துச் சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட குழி. அதனை மூடுவதற்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டவேண்டும். 1869 ஆம் ஆண்டில் ரெவெர்டன் காட்டிய தோலொட்டு முறை வளர்ச்சியுற்றிராவிடின் ஹான்ட்லியின் விதி நடைமுறைக்கு வந்திருக்காது. முகத்திலோ அதுவும் போதாது. மூக்கினை இழந்தவருக்கு நெற்றித்தோலை மடித்திறக்கி மூக்கமைக்கும் முறை இன்றும் புற்றுச் சத்திரசிகிச்சையிற் கையாளப்படுகின்றது. ஐரோப்பா அதனை அறிந்த விதம் குறிப்பிடத்தக்கது. ஆங்கிலப் படையிற் பணியாற்றிய கௌவாஸ்ஜி என்னும் மாட்டுவண்டிக்காரரின் மூக்கு மைசூர்ப் போரின்போது திப்புவின் படையினரால் அறுக்கப்பட்டது. பூனா அருகே செங்கல் அறுக்கும் சாதியினர் ஒருவர் அவருக்கு நெற்றித்தோலினாற் புதுமூக்கு அமைத்ததை 1794 ஆம் ஆண்டில் இலண்டன் சஞ்சிகையொன்று வெளியிட்டது. அதனைப் படித்த கார்ப்யூ 1814 ஆம் ஆண்டில் இலண்டனில் அதனைச் செய்துகாட்டினார். கார்ப்யூவின் பெயர் நூல்களிலுண்டு. மாட்டுவண்டிக்காரரின் பெயருமுண்டு. மூக்கமைத்தவரின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை.

எல்லையை விதியினாற் தீர்மானியாது ஒவ்வொரு உடலிலும் நேரிற் பார்த்தே தீர்மானிக்கலாமென்ற எண்ணம், விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து மருத்துவ மாணவர் ஒருவரிடமிருந்து வந்தது. பிரெடெரிக் மோஸ் 1930 களின் தொடக்கத்தில் எலிகளின் கட்டிகளுட் பல இரசாயனப் பொருள்களைச் செலுத்தி ஆராய்ந்தபோது, நாகக் குளோரைட்டு இழையத்தைக் கொன்றும் அதன் நுண்ணமைப்பைச் சிதைக்காது விடுவதைக் கண்டார். ஆய்வுகூடத்திற் செய்யும் பதப்படுத்தலை உயிருள்ள உடலிலேயே செய்துவிடலாமென்பது இதன் பொருள். புற்றின்மேற் பசையைப் பூசுதல். மறுநாள் குருதிப்பெருக்கின்றி ஒரு மெல்லிய தட்டாக அதனை வெட்டியெடுத்தல். அத்தட்டின் அடிப்பக்கத்தையும் விளிம்பையும் முழுமையாக நுணுக்குக்காட்டியிற் பார்த்து, புற்று எஞ்சியிருக்கும் இடத்தைப் படத்திற் குறித்தல். அவ்விடத்தில் மாத்திரம் மீண்டும் பசையிடுதல் — இதுவே முறை. 1936 ஆம் ஆண்டில் மனிதரிடம் தொடங்கிய அவர் 1941 ஆம் ஆண்டில் 440 நோயாளிகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்.

இதன் சிறப்பினை உணர, வழமையான முறையை அறிதல் வேண்டும். வெட்டியெடுத்த துண்டைப் பாண் துண்டுபோலக் குறுக்காக நறுக்கி, அங்குமிங்குமாகச் சில சீவல்களை மாத்திரம் பார்ப்பதே நோயியலாளரின் வழக்கம். இரு சீவல்களுக்கிடையே வெளியேறிய வேரொன்று கண்ணில் படாது தப்பலாம். மோஸ் விளிம்பு முழுவதையும் பார்த்தார். எனினும் பெரும்பாலான சத்திரவைத்தியர்கள் அவரை நெடுங்காலம் ஏற்கவில்லை. பசையிட்டுப் புற்றையழிப்பது போலிவைத்தியரின் தொழிலென்பது அவர்களின் எண்ணம். அவ்வெண்ணத்திற்கு ஒரு முன்கதையுமுண்டு. 1857 ஆம் ஆண்டில் பெல் என்னும் அமெரிக்கர் இலண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில், நாகக் குளோரைட்டையும் குருதிவேர் என்னும் செடியையும் கலந்த களிம்பினாற் புற்றுக்களுக்குச் சிகிச்சையளித்தார். சுப்பீரியர் ஏரிக்கரையில் வாழ்ந்த அமெரிக்கப் பழங்குடியினர் அச்செடியைப் பயன்படுத்தியதை அறிந்தே தாம் அதனைக் கையாண்டதாக அவர் எழுதினார். புற்று திரும்பியமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது. மோஸின் பசையிலும் அதே குருதிவேர் இருந்தது. பெல்லுக்கும் மோஸுக்கும் வேறுபாடு பசையிலன்று. மோஸ் எடுத்ததைப் பார்த்தார் என்பதில்தான்.

பசை பின்னர் நீங்கிற்று. 1953 ஆம் ஆண்டிற் கண்ணிமைப் புற்றொன்றின் சிகிச்சையைத் திரைப்படமாக்குகையில், நேரத்தைச் சுருக்கும்பொருட்டு மோஸ் பசையின்றி, உறையவைத்த புதிய இழையத்தையே வெட்டிப் பார்த்தார். ட்ரொமோவிச், ஸ்ரெக்மன் என்னுமிருவர் 1974 ஆம் ஆண்டில் இம்முறையின் பெறுபேறுகளை வெளியிட்டபின் பல நாட்கள் நீடித்த சிகிச்சை ஒரே நாளில் முடியலாயிற்று. நெதர்லாந்தில் நிகழ்ந்த ஒப்பீட்டுப் பரிசோதனையின் பத்தாண்டுப் பெறுபேறுகள் 2014 ஆம் ஆண்டில் வெளிவந்தன. முகத்தில் முன்னர் சிகிச்சை பெற்று மீண்டும் தோன்றிய அடிக்கலப் புற்றுக்களுள், மோஸ் முறையில் நூற்றுக்கு 3.9 பேரிடமும் வழமையான வெட்டில் 13.5 பேரிடமும் நோய் திரும்பியது. முதன்முறை தோன்றிய புற்றுக்களில் வேறுபாடு ஐயத்திற்கிடமின்றி நிறுவப்படவில்லை. ஆகவே எல்லாப் புற்றுக்கும் மோஸ் முறையே வேண்டுமென்போர் சான்றுக்கு அப்பாற் செல்கின்றனர். உடலின் பிற இடங்களிலுள்ள சிறு புற்றுக்களுக்கு எளிய வெட்டோ, சுரண்டி எடுத்து மின்னாற் கருக்குதலோ, திரவ நைதரசனால் உறையவைத்தலோ பெரும்பாலும் போதும்.

மெலனோமாவில் எல்லைவிதி உடைந்தது பார்வையினாலன்று, ஒப்பீட்டினால். 1970 ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிரெஸ்லோ, 98 நோயாளிகளின் கட்டிகளை அளந்து, நோயாளியின் விதி கட்டியின் தடிப்போடு தொடர்புடையதெனக் காட்டினார். மில்லிமீற்றர் அளவுகோலொன்றே அவர் பயன்படுத்திய புதுமை. மெல்லிய கட்டிக்கும் தடித்த கட்டிக்கும் ஒரே அகலத்தில் வெட்டுவது ஏன் என்ற கேள்வி அதன்பின் தவிர்க்கமுடியாததாயிற்று. மிலான் நகரத்து வெரொனேசியின் தலைமையில் உலக சுகாதார நிறுவனத்தின் குழு, 2 மில்லிமீற்றருக்கு மேற்படாத மெலனோமாவுடைய 612 பேரைச் சீட்டுக்குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒருசாராருக்கு 1 சென்ரிமீற்றரும் மறுசாராருக்கு 3 சென்ரிமீற்றரும் வெட்டியது. 1988 ஆம் ஆண்டில் வெளியான பெறுபேறுகளின்படி உயிர்வாழ்தலில் வேறுபாடில்லை. சுவீடனில் 989 பேரிடம் 2 சென்ரிமீற்றரையும் 5 சென்ரிமீற்றரையும் ஒப்பிட்டபோதும் அவ்வாறே. ஹான்ட்லியின் பெயரால் அகன்ற வட்டத்தின் பெரும்பகுதி, மெல்லிய கட்டியுடையோர் பலருக்கு, பயனின்றி வெட்டப்பட்ட நல்ல தோலாகும்.

இதிலிருந்து, குறைவாக வெட்டுவதே எப்போதும் சிறந்ததென முடிவுகட்டுவது ஹான்ட்லியின் பிழையை மறுதலையாகச் செய்வதாகும். பிரித்தானியாவில் 2 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட தடிப்புள்ள மெலனோமாவுடைய 900 பேரிடம் 1 சென்ரிமீற்றரும் 3 சென்ரிமீற்றரும் ஒப்பிடப்பட்டன. 1 சென்ரிமீற்றர் பிரிவில் நோய் அருகே திரும்புதல் மிகுதியென 2004 ஆம் ஆண்டிலும், மெலனோமாவினாலான இறப்பும் மிகுதியென 2016 ஆம் ஆண்டிலும் அறிவிக்கப்பட்டது. இன்றைய நடைமுறை இச்சான்றுகளின் வழிப்பட்டது: 1 மில்லிமீற்றர் வரையான தடிப்புக்கு 1 சென்ரிமீற்றர், 2 மில்லிமீற்றருக்கு மேற்பட்டதற்கு 2 சென்ரிமீற்றர், இடைப்பட்டதற்கு ஒன்று முதல் இரண்டு.

நிணநீர்க் கணுக்களின் கதையும் இவ்வாறே முடிந்தது. ஸ்னோ விதித்த முன்கூட்டிய கணுவகற்றல், கைகால்களில் தோன்றிய மெலனோமாவிற் பயன் தரவில்லையென வெரொனேசியின் குழு 1977 ஆம் ஆண்டிற் காட்டியது. 1992 ஆம் ஆண்டில் டொனால்ட் மோட்டன், நீலச்சாயத்தைச் செலுத்தி, கட்டியிலிருந்து நிணநீர் முதலிற் சென்றடையும் ‘காவற்கணு’வைக் கண்டு அதனை மாத்திரம் எடுத்துப் பார்க்கும் முறையை வெளியிட்டார். அக்கணுவில் நோயிருப்பின் எஞ்சிய கணுக்கள் யாவும் அகற்றப்பட்டன. அவ்வாறு அகற்றுவதும் உயிரைக் காப்பதில் மேலதிகப் பயன் தருவதில்லையென 2017 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. கணுக்களை இழந்தோருக்கு எஞ்சுவது வாழ்நாள் முழுவதும் வீங்கிய காலும் கையும்.

இப்பரிசோதனைகளின் பயனை எமது பிரதேசத்து மக்களுக்கு அப்படியே பொருத்தலாமா என்பது தனியே வினவவேண்டியது. அவற்றிற் பங்குகொண்டோர் பெரும்பாலும் வெண்தோலினர். கட்டிகள் முதுகிலும் மார்பிலும் கைகால்களிலும் வெயிலை ஏற்ற தோலில் எழுந்தவை. தெற்காசியாவில் தோற்புற்று தோன்றும் இடங்கள் வேறு. காஷ்மீரத்தில் குளிர்காய்வதற்காக அங்கியினுள்ளே வயிற்றோடும் தொடையோடும் அணைத்துவைக்கும் காங்கிரி என்னும் நெருப்புச்சட்டி சுட்ட தழும்புகளிற் செதிற்கலப் புற்று எழுவதை, ஸ்ரீநகர் மிஷன் வைத்தியசாலையின் ஏர்னெஸ்ட் நீவ் 1923 ஆம் ஆண்டில் விரிவாக எழுதினார். பொட் கண்ட புகைக்கரியைப் போலவே இதுவும் வாழ்நிலை தோலில் எழுதிய நோய். மெலனோமா எம்மிடையே அரிது; தோன்றும்போது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களிலேயே தோன்றுகின்றது. ஆணியென்றோ முள் தைத்த புண்ணென்றோ எண்ணப்பட்டுக் காலந்தாழ்த்தியே வைத்தியரிடம் வருகின்றது.

பிரித்தானியப் பரிசோதனையில் உள்ளங்கையும் உள்ளங்காலும் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டிருந்தன. முதுகிலே ஒரு சென்ரிமீற்றருக்கும் இரண்டு சென்ரிமீற்றருக்குமுள்ள வேறுபாடு ஒரு தழும்பின் நீளம். குதிகாலிலோ தோல் இழுபடாது. ஒட்டிய தோல் உடற்பாரத்தை எளிதிற் தாங்காது. வெறுங்காலுடன் வயலில் இறங்குபவருக்கு அது தொழிலின் முடிவாகவும் அமையலாம். அவ்விடத்துக்குரிய எல்லை, பிறிதொரு தோலில், பிறிதோரிடத்திற் கண்ட அளவிலிருந்து கடன்வாங்கப்பட்டதே. நகத்தின்கீழ் எழும் மெலனோமாவுக்கு விரலையே துணிப்பது நெடுநாள் வழக்கம். விரலெலும்பை விட்டு நகத்தையும் அதன் அடியிழையத்தையும் மாத்திரம் எடுத்தாற் போதுமா என்பதனை ஆராயும் பல வைத்தியசாலைகளின் கூட்டுமுயற்சியொன்று, இந்நோய் பெரும்பாலும் கைகால் நுனிகளிலேயே தோன்றும் ஜப்பானில் மேற்கொள்ளப்பட்டுள்ளது.